அட்லாண்டிக் தீவுகளின் பழைய வரைபடங்கள்: வாங்குமுன் தகட்டையும் தாளையும் படிப்பது எப்படி

கேள்வி இது: இணைய ஏலம் ஒன்றில் "பெர்முடா, ஜான் ஸ்பீடு, 1626, அசல், அந்தக் காலத்து வண்ணம்" என்று ஒரு வரைபடம் வந்திருக்கிறது. ஏறக்குறைய அதே படம் ஆம்ஸ்டர்டாம் பதிப்பாளர்களான ப்ளாவ் பெயரிலும் ஹோண்டியஸ் பெயரிலும் வேறு கடைகளில் கிடைக்கிறது. எது எவருடையது, 1626 என்பதை நம்பலாமா? பிறகு அசோர்ஸ், கேனரி, செயின்ட் ஹெலினா படங்களும் சேர்க்க ஆசை. எங்கிருந்து தொடங்கலாம்?

படத்தில் பொறித்திருக்கும் 1626, படத்தை அச்சடிக்கும் செப்புத் தகட்டை வெட்டிய ஆண்டு. உங்கள் கைக்கு வரும் தாள் எந்த ஆண்டில் அச்சானது என்பதை அது சொல்லவே சொல்லாது. இந்தத் தகடுதான் அந்தக் காலத்து வரைபட வியாபாரியின் மூலதனம். வெட்டுவதற்கு நாளும் கூலியும் நிறைய ஆகும். வெட்டி முடித்துவிட்டால் அதில் சில ஆயிரம் தாள் இழுக்கலாம், அதாவது அச்சடிக்கலாம். கோடு தேய்ந்தால் உளியால் ஆழப்படுத்தி மறுபடி இழுக்கலாம். உரிமையாளர் இறந்தால் மகனுக்கோ மருமகனுக்கோ போகும், இல்லாவிட்டால் போட்டியாளர் வாங்கிவிடுவார். வாங்கியவர் செய்யும் முதல் வேலை, பழைய பெயரைத் தேய்த்து அழித்துவிட்டுத் தன் பெயரை வெட்டுவது. ஆண்டை மட்டும் பெரும்பாலும் அப்படியே விட்டுவிடுவார்கள். ஆகவே ஆண்டைப் பார்க்காதீர்கள், படத்தின் கீழ் விளிம்பில் இருக்கும் பதிப்பாளர் வரியைப் பாருங்கள்.

ஸ்பீடின் பெர்முடாவில் இது நன்றாகவே தெரியும். ஸ்பீடு தொழிலில் தையல்காரர், ஆர்வத்தில் வரலாற்றாசிரியர். பணம் போட்டு அட்லஸைக் கொண்டுவந்தவர் லண்டன் வியாபாரி ஜார்ஜ் ஹம்பிள். அவர் கடை ராயல் எக்ஸ்சேஞ்சுக்கு எதிரே போப்ஸ் ஹெட் சந்தில் இருந்தது. 1627-ல் வந்த உலக அட்லஸின் தகடுகளில் பலவற்றை ஆம்ஸ்டர்டாமில் ஆபிரகாம் கூஸ் வெட்டினார். நல்ல செதுக்குவேலைக்கு அன்றைய லண்டன் ஆம்ஸ்டர்டாமைத்தான் நம்பியிருந்தது. கீழே ஜி. ஹம்பிள் என்றும் போப்ஸ் ஹெட் சந்து என்றும் இருந்தால் அது பெரும்பாலும் முதல் பதிப்புகளில் ஒன்று, அதாவது 1627 அல்லது 1630களின் தொடக்கம். பிறகு தொழில் வில்லியம் ஹம்பிளிடம் போனது, 1660-ஐ ஒட்டி ரோஜர் ரேயிடம் வந்தது. ரேயின் பெயரோடு வரும் தாள்கள் குறைவு. அச்சடித்து வைத்த இருப்பில் பெரும்பகுதி 1666 லண்டன் தீயில் போனதாகச் சொல்வார்கள். கடைசியாக 1676-ல் தாமஸ் பாசெட், ரிச்சர்ட் சிஸ்வெல் இருவரும் சேர்ந்து வெளியிட்டார்கள். இன்று சந்தையில் அதிகம் கிடைப்பது இதுதான். இதிலும் 1626 என்ற ஆண்டு அப்படியே இருக்கும். "1626 ஸ்பீடு" என்று ஏலத்துக்கு வருபவற்றில் நிறைய உண்மையில் 1676 தாள்கள். போலி இல்லை, ஆனால் அரை நூற்றாண்டு இளையவை. விலையில் அது தெரிய வேண்டும்.

கொசுறாக இன்னொன்று. ஸ்பீடு பெயரில் ஜமைக்காவும் பார்படோஸும் ஒரே தாளில் வரும் ஒரு படம் உண்டு. அது 1676 பதிப்பில் புதிதாகச் சேர்த்தது. ஸ்பீடு 1629-லேயே இறந்துவிட்டார். அதற்கு 1626 அல்லது 1627 என்று ஆண்டு போட்டு விற்கும் கடையில் மற்ற விவரங்களையும் சந்தேகத்தோடு பாருங்கள்.

20 சதுர மைல் சொச்சம் பரப்புள்ள ஒரு தீவுக்கு ஏன் முழு அட்லஸ் தாள்? காரணம் பங்குதாரர்கள். 1609-ல் சர் ஜார்ஜ் சோமர்ஸின் கப்பல் அங்கே தரைதட்டியபின் ஆங்கிலேயர் குடியேறினார்கள். தீவு ஒரு லண்டன் கம்பெனியின் சொத்தானது. ரிச்சர்ட் நார்வுட் 1610களில் நிலத்தை அளந்து எட்டு பிரிவுகளாகப் பிரித்தார். ஒவ்வொரு பிரிவிலும் 50 பங்கு, ஒரு பங்குக்கு 25 ஏக்கர். வரைபடத்தில் தீவு முழுக்கக் குறுக்குக் கோடுகளாகத் தெரிவது அந்தப் பங்குகளின் எல்லைதான். கூடவே பங்குதாரர்களின் பெயர்ப் பட்டியல். பத்திரப்பதிவு ஆவணமும் அலங்காரப் படமும் ஒன்றாகச் சேர்ந்த சரக்கு. தன் பெயர் அச்சில் இருக்கும் படத்தை வாங்காத பிரபு யார்! இந்தத் தாள் இவ்வளவு காலம் விற்றதற்கு அதுவும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு. தலைப்பு லத்தீனில் "மப்பா எஸ்டிவாரும் இன்சுலாரும், ஏலியாஸ் பார்முடாஸ்" என்று தொடங்கும். பட்டியல்களில் சம்மர் தீவுகள், சோமர்ஸ் தீவுகள் என்றும் வரும், தேடும்போது மூன்றையும் போட்டுப் பாருங்கள்.

படத்தின் ஓரங்களில் வர்ஜீனியா, நியூ இங்கிலாந்து கரைகள் சின்னதாக ஓடுவதையும், பெரிய பெர்முடாவைத் தவிர ஒரு குட்டி பெர்முடா இருப்பதையும் பார்த்து, அச்சுப்பிழை என்றோ இரண்டு படம் ஒட்டியது என்றோ நினைத்துவிடாதீர்கள். ஒரே தாளில் இரண்டு அளவுகோல்கள். பெரியது நில அளவைக்கு, சின்னது அமெரிக்கக் கரையிலிருந்து தீவு எவ்வளவு தூரம் என்று காட்டுவதற்கு.

இனி ப்ளாவும் ஹோண்டியஸும். இரண்டும் 1630களில் ஆம்ஸ்டர்டாமில் வந்தவை. அந்தப் போட்டியை அறிந்தால்தான் படங்கள் ஏன் இப்படி இரட்டைப் பிள்ளைகளாக இருக்கின்றன என்பது புரியும். 16-ஆம் நூற்றாண்டு வரைபட மேதை மெர்கேட்டரின் தகடுகளை 1604-ல் வாங்கிய யொடோகஸ் ஹோண்டியஸ் 1606-ல் தன் சேர்க்கைகளோடு அட்லஸ் கொண்டுவந்தார். 1612-ல் அவர் இறந்தபின் மகன்கள் யொடோகஸ் இளையவரும் ஹென்ரிக்கஸும் தொழிலை நடத்தினார்கள். இளையவர் 1629-ல் இறந்தார். அவர் தனியாக வெட்டி வைத்திருந்த தகடுகளில் ஏறத்தாழ 40 தகடுகளை வில்லெம் ப்ளாவ் வாங்கிவிட்டார். பெயரை மாற்றி 1630-ல் தன் முதல் அட்லஸ் இணைப்பை வெளியிட்டார். 60 படங்கள் இருந்த அந்தத் தொகுப்பில் பாதிக்குமேல் ஹோண்டியஸ் வீட்டுச் சரக்கு. பதறிப்போன ஹென்ரிக்கஸும் மைத்துனர் யான்சோனியஸும் அதே படங்களைப் பார்த்து அவசரமாகப் புதுத் தகடுகள் வெட்டவைத்தார்கள். அதன்பின் 30 ஆண்டுகளுக்கு இந்த இரு வீடுகளும் ஒருவர் போடுவதை மற்றவர் போட்டுக்கொண்டே இருந்தன.

எனவே ப்ளாவ் பெர்முடாவும் ஹோண்டியஸ் பெர்முடாவும் ஒரே தகட்டின் இரண்டு பதிப்புகள் அல்ல, தனித்தனித் தகடுகள். இரண்டுக்கும் மூலம் நார்வுட் அளவை. பிரித்தறிய, தலைப்பு இருக்கும் அலங்காரப் பெட்டியைப் பார்த்து மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். பெயரைப் படியுங்கள்: கிலியெல்மஸ் ப்ளாவ் என்றால் ப்ளாவ் வீடு, ஹென்ரிக்கஸ் ஹோண்டியஸ் என்றால் முந்தைய நிலை, அதே தகட்டில் பின்னர் யோவான்னெஸ் யான்சோனியஸ் என்று மாறியிருந்தால் பிந்தைய நிலை. பெயர் மாற்றிய இடத்தை 10 மடங்கு லென்ஸில் பாருங்கள். செம்பைத் தேய்த்து அழித்த இடம் சற்றே குழிந்திருக்கும், அங்கே மெல்லிய சாம்பல் படலம் பிடிக்கும். சில தாள்களில் பழைய எழுத்தின் கால் ஒன்றோ வளைவொன்றோ புது எழுத்துக்கு அடியில் மங்கலாகத் தெரியும். இது குறையல்ல, அசல் தகடு என்பதற்கு நல்ல சாட்சி.

ப்ளாவ் வீட்டு அச்சகம் 1672 பிப்ரவரியில் எரிந்தது. தகடுகளில் நிறைய உருகிப்போயின. அதனால் பிற்காலத்தில் மறுபடி இழுத்த ப்ளாவ் படங்கள் ஒப்பீட்டளவில் குறைவு. யான்சோனியஸ் தகடுகளின் கதை நேர்மாறு. அவற்றில் பலவற்றை 1694-ல் பீட்டர் ஷெங்கும் ஹெரார்ட் வால்கும் வாங்கி, அகலாங்கு நெட்டாங்குக் கோடுகளைச் சேர்த்துத் தங்கள் பெயரையும் போட்டு மீண்டும் விற்றார்கள். இந்தத் தாள்களின் பின்பக்கம் வெறுமையாக இருக்கும். "பின்பக்கத்தில் எழுத்து இல்லை, ஆகவே போலி" என்று அவசரத்தில் சொல்பவர்கள் தடுக்கி விழும் இடம் இதுதான்.

பின்பக்கம் என்றதும் அதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அட்லஸ் படத்தின் ஜாதகம் அங்கேதான் இருக்கிறது. அட்லஸ் தாள் ஒரு பக்கம் புத்தக அச்சில் எழுத்தையும், மறுபக்கம் உருளை அச்சில் படத்தையும் வாங்கியது. எழுத்தின் மொழியும், பக்க எண்ணும், கீழே கோர்ப்பவருக்காகப் போட்ட அடையாள எழுத்தும் சேர்ந்தால் எந்தப் பதிப்பு என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். 16-ஆம் நூற்றாண்டு அன்ட்வெர்ப் வரைபடக்காரர் ஓர்ட்டீலியஸின் அட்லஸ் லத்தீன், டச்சு, ஜெர்மன், பிரெஞ்சு, ஸ்பானிஷ், இத்தாலியன், ஆங்கிலம் என்று ஏழு மொழிகளில் வந்தது. ஆங்கிலம் 1606-ல் ஒரே ஒருமுறை. ஆகவே ஓர்ட்டீலியஸ் அசோர்ஸ் பின்பக்கத்தில் ஆங்கிலம் இருந்தால் ஆண்டு விவாதமே இல்லை. லத்தீன் என்றால்தான் வேலை, பல பதிப்புகள் உண்டு. பக்க எண்ணை ஒப்பிட்டே தீர வேண்டும். ஸ்பீடு தாளில் ஆங்கிலம்தான் இருக்கும். விற்பவர் பின்பக்கப் படம் அனுப்ப மறுத்தால், அல்லது படத்தை அட்டையில் முழுக்க ஒட்டிவிட்டதாகச் சொன்னால், அந்தப் பேரத்தை விட்டுவிடுவது நல்லது.

அந்த அசோர்ஸ் படத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அட்லாண்டிக் தீவுகள் சேகரிக்கும் எவருக்கும் அதுதான் அடிக்கல். போர்த்துக்கீசிய அரச வரைபடக்காரர் லூயிஸ் தெய்ஷெய்ரா நேரில் சுற்றி வரைந்தது என்று தலைப்பிலேயே இருக்கும், 1584 என்ற ஆண்டும் ரோமன் எண்ணில் இருக்கும். கோர்வோ முதல் சாந்தா மரியா வரை ஒன்பது தீவுகளும் உண்டு. அன்ட்வெர்ப்பில் ஓர்ட்டீலியஸ் இதை அட்லஸில் சேர்த்தபின், அடுத்த 100 ஆண்டுக்கு ஆம்ஸ்டர்டாமில் வந்த அசோர்ஸ் படங்களில் பெரும்பாலானவை இதன் பிள்ளைகளே. தெய்ஷெய்ராவின் பெயரையும் சேர்த்தே நகல் எடுத்தார்கள், அது விற்பனைக்கு உதவியது. ஆகவே தெய்ஷெய்ரா பெயர் மட்டும் இருந்தால் ஓர்ட்டீலியஸ் என்று முடிவு கட்ட வேண்டாம்.

ஓர்ட்டீலியஸ் ஐஸ்லாந்தும் இதே குடும்பம். தகட்டில் 1585 என்று இருக்கும், அட்லஸில் வெளியானது 1590. ஹெக்லா எரிமலை நெருப்புக் கக்குவதும், கடல் முழுக்க எழுத்துக் குறியிட்ட பூதங்களும் இருப்பதால் எல்லோருக்கும் பிடிக்கும். அந்தக் குறிகளுக்கான விளக்கம் பின்பக்கத்தில் அச்சாகியிருக்கும். மறுபதிப்புகளும் போலிகளும் அதிகம் புழங்குவது இந்தப் படத்தில்தான், விலையும் இந்தப் பட்டியலிலேயே உச்சம். முதல் வாங்கலாக இதைத் தொட வேண்டாம்.

செயின்ட் ஹெலினாவுக்கு வழி வேறு. அட்லஸ் வியாபாரிகளைவிடப் பயண நூல் வியாபாரிகள்தான் அதை விற்றார்கள். கோவாவில் பேராயரிடம் வேலை பார்த்த டச்சுக்காரர் யான் ஹைகென் வான் லின்ஸ்கோட்டென் 1589-ல் திரும்பும் வழியில் அங்கே இறங்கினார். பிறகு அசோர்ஸின் தெர்செய்ராவில் இரண்டு ஆண்டுகள் தங்க நேர்ந்தது. அவருடைய பயண நூலை ஆம்ஸ்டர்டாமில் கோர்னெலிஸ் க்ளாஸ் 1596-ல் வெளியிட்டார். செயின்ட் ஹெலினா, அசென்ஷன் காட்சிகளும், தெர்செய்ராவின் அங்ரா நகரத்தை 1595 என்ற ஆண்டோடு காட்டும் பெரிய படமும் அதில் உண்டு. புத்தகத்துக்குள் பலமுறை மடித்து வைத்த தாள்கள் இவை. மடிப்புக் கோடுகளும், கோடுகள் சந்திக்கும் இடத்தில் சின்னக் கிழிசலும் இருப்பது இயல்பு. மடிப்பே இல்லாத "அசல் அங்ரா" வந்தால் அதுதான் கவலைக்குரியது. மடிப்புகளை அழுத்தி மறைத்திருந்தாலும் பக்கவாட்டு வெளிச்சத்தில் தெரியாமல் போகாது.

வெனிஸ் பக்கம் தீவுகளுக்கென்றே தனி நூல் மரபு இருந்தது. பெனடெட்டோ போர்தோனேயின் 1528 தீவு நூலில் மடெய்ரா, கேனரி, அசோர்ஸ் எல்லாம் சின்ன மரக்கட்டை அச்சுகளாக, எழுத்துக்கு நடுவே வரும். நூல் 1534, 1547 என்று மீண்டும் மீண்டும் வந்தது. கட்டையும் அதேதான். மரக்கட்டைக்குத் தகட்டுத் தடம் (செப்புத் தகட்டின் விளிம்பு தாளில் பதிந்த தடம்) இருக்காது, தேட வேண்டாம். அதற்கு ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு கழித்து, 1690களில் வெனிஸ்காரர் கொரொனெல்லி வருகிறார். கனமான தாள், தடித்த எழுத்து, வண்ணமில்லாமலே விற்றவர். வண்ணம் தீட்டிய கொரொனெல்லி கேனரி கிடைத்தால் வண்ணம் பின்னால் வந்தது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். பார்க்க அழகாக இருந்தாலும் வண்ணத்துக்காகக் கூடுதல் காசு தராதீர்கள்.

இல்லாத தீவுகளையும் இவர்கள் விற்றிருக்கிறார்கள். 1558-ல் வெனிஸில் வந்த ஸேனோ நூல் ஒன்று ஐஸ்லாந்துக்குத் தெற்கே ஃபிரிஸ்லாந்து என்றொரு தீவைப் போட்டது. மெர்கேட்டர் அதை எடுத்தார், ஓர்ட்டீலியஸ் எடுத்தார். மெர்கேட்டரின் 1595 வடதுருவப் படத்தின் மூலையில் ஃபரோ, ஷெட்லாந்து தீவுகளுக்குச் சமமாக அதற்கும் ஒரு வட்டம் கிடைத்தது. கொரொனெல்லி காலம் வரை அது சாகவில்லை. ஒருமுறை வெட்டிய தகட்டிலிருந்து ஒரு தீவை எடுக்கச் செலவாகும், வெறும் கடலாக விட்டால் படம் ஏழையாகத் தெரியும். வாங்குபவருக்கு இதில் ஒரு லாபம் உண்டு. ஃபிரிஸ்லாந்து இருக்கும் வட அட்லாண்டிக் படங்களுக்கு எப்போதும் ஆள் இருக்கும்.

இப்போது தாளைச் சோதிப்பது. வேண்டியவை: 10 மடங்கு லென்ஸ், சின்ன டார்ச், ஒரு ஜன்னல், முடிந்தால் புறஊதா விளக்கு.

முதலில் ஜன்னலுக்கு எதிரே பிடியுங்கள். 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிவரை வரைபடத் தாள் கம்பிச் சல்லடையில் கையால் அள்ளிய தாள். 2 முதல் 3 சென்டிமீட்டர் இடைவெளியில் நேர்க்கோடுகள் தெரியும், அவற்றுக்குக் குறுக்கே நெருக்கமான மெல்லிய வரிகள். முழுத் தாளை நடுவில் மடித்த அட்லஸ் படத்தில் இந்த நேர்க்கோடுகள் நடு மடிப்புக்கு இணையாகவே ஓட வேண்டும். நீர்க்குறி (தாள் செய்தவரின் அடையாளம்) இருந்தால் ஒரு பாதியின் நடுவாக்கில் இருக்கும். கோடே இல்லாமல் சீராக, மேகம்போல் தெரிந்தால் அது பிற்காலத்துச் சீர்த்தாள். அது 1750களுக்குப் பிறகே வந்தது, பரவலானது 1800-ஐ ஒட்டி. ஸ்பீடு, ப்ளாவ் என்று சொல்லப்படும் படத்துக்கு அது மரண அடி. இதே வெளிச்சத்தில் புழு துளைத்து அடைத்த இடங்கள், ஓரம் புதிதாக ஒட்டிய இடங்கள் எல்லாம் நிறம் மாறித் தெரியும். ஓரத்தை ஒட்டி, அதில் இல்லாத சட்டக்கோட்டைப் பேனாவில் வரைந்திருப்பதும் அங்கேதான் அகப்படும்.

அடுத்து டார்ச்சை மேசையோடு மேசையாகப் படுக்கவைத்து அடியுங்கள். ஈரத்தாளைத் தகட்டின்மேல் வைத்து உருளை அழுத்தியதால், படத்தின் எல்லைக்குச் சில மில்லிமீட்டர் வெளியே தகட்டின் விளிம்பு பதிந்த தடம் சுற்றிலும் இருக்கும். மையும் தாளுக்கு மேலே மெல்லிய மேடாக நிற்கும். இதைத் தெரிந்த போலிக்காரர்கள் ஆஃப்செட் அச்சில் செயற்கையாகத் தடம் மட்டும் அழுத்துவார்கள், மையை மேடாக்க அவர்களால் முடியாது. ஆகவே தடத்தைவிட மை முக்கியம். தாள்களை ஓரம் வெட்டியிருந்தால் தடம் போயிருக்கலாம். அது போலி என்பதல்ல, விலை குறைய வேண்டிய குறை.

லென்ஸில் கடல் அலைக்கோடுகளைப் பாருங்கள். உளியில் வெட்டிய கோடு தொடக்கத்தில் மெலிந்து, நடுவில் பருத்து, முடிவில் மெலியும். சீரான தடிமனில் தட்டையாக ஓடினால் லித்தோ, அதாவது கல்லச்சு. புள்ளிகள் வட்ட வட்டமாக, நீலம், சிவப்பு, மஞ்சள் கலந்து தெரிந்தால் 20-ஆம் நூற்றாண்டு நிற அச்சு. ஒழுங்கில்லாமல் தெளித்த நுண்புள்ளிகள் என்றால் இங்க்ஜெட். புறஊதா விளக்கில் தாள் பளீரென நீலவெள்ளையாக ஒளிர்ந்தால் அதில் வெண்மையூட்டும் ரசாயனம் இருக்கிறது. அது 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிந்தைய தாள்.

அளவு பார்க்கும்போது ஒரு எச்சரிக்கை. பட்டியலில் 40க்கு 53 சென்டிமீட்டர் என்று இருந்து உங்கள் தாள் 4, 5 மில்லிமீட்டர் குறைந்தால் பயப்பட வேண்டாம். ஈரமாக அச்சான தாள் காயும்போது சுருங்கும், ஒவ்வொரு தாளும் ஒவ்வொரு மாதிரி. 2 சென்டிமீட்டர் வித்தியாசம் என்றால் மட்டும் காரணம் தேடுங்கள்.

"அந்தக் காலத்து வண்ணம்" என்பது விற்பவர்கள் மிகத் தாராளமாகச் சொல்லும் சொல். ப்ளாவின் பெரிய அட்லஸ் 1660களில் வண்ணமில்லாமல் 350 கில்டர் (டச்சு நாணயம்), வண்ணத்தோடு 450 வரை விற்றது. அதாவது வண்ணம் அப்போதே தனிச் சரக்கு. ஓர்ட்டீலியஸே 1547-ல் அன்ட்வெர்ப் ஓவியர் சங்கத்தில் வரைபடத்துக்கு வண்ணம் தீட்டுபவராகத்தான் பதிவு செய்தார். ஆனால் இன்று சுவரில் மாட்டத் தோதாக வண்ணம் தீட்டிய வெறும் தாள்கள் எக்கச்சக்கம். சோதனை எளிது: பச்சையைப் பின்பக்கத்தில் பாருங்கள். பழைய பச்சை செம்புத் துருவில் செய்தது. அது தாளைத் தின்றுகொண்டே போய்ப் பின்பக்கத்தில் பழுப்பாக இறங்கும், மோசமான நிலையில் அந்தக் கோட்டிலேயே தாள் நொறுங்கும். முன்னால் நல்ல பச்சை, பின்னால் சுத்த வெள்ளை என்றால் அது புது வண்ணம் என்பதற்கே வாய்ப்பு அதிகம். நடு மடிப்பில் வண்ணம் பிளவுக்குள் ஊறியிருந்தாலும் அப்படித்தான்: மடிப்பு விரிசல் விட்டபின் தீட்டியது. பிரஷ்ய நீலம் 1700களின் தொடக்கத்தில்தான் கண்டுபிடிக்கப்பட்டது. 17-ஆம் நூற்றாண்டு வண்ணம் என்று சொல்லும் கடலில் அது ஆய்வில் தெரியவந்தால் பேச்சு முடிந்தது. ஸ்பீடு தாள்கள் பெரும்பாலும் வண்ணமில்லாமலே விற்றவை. உங்கள் ஏலப் பட்டியலில் அந்த ஒரு வாக்கியத்தை நான் நம்ப மாட்டேன்.

பச்சை நொறுங்கும் தாளை நீங்களாகக் கழுவாதீர்கள், பிளீச் செய்யாதீர்கள், செலோடேப் பக்கமே போகாதீர்கள். அதன் பசை சில ஆண்டுகளில் பழுத்துத் தாளுக்குள் ஊறிவிடும். ஜப்பானியத் தாள், கோதுமை மாவுப் பசை, இரண்டும் தெரிந்த பாதுகாப்பு நிபுணர், இதுதான் வழி. ஃப்ரேம் போடும்போது அமிலமில்லாத பருத்தி அட்டையில் ஜன்னல் வெட்டி, கண்ணாடி தாளைத் தொடாமல் இருக்கட்டும். பின்னால் பிளைவுட் வேண்டாம். படத்தை அட்டையோடு முழுக்க ஒட்டச் சம்மதிக்காதீர்கள், பின்பக்க எழுத்து போய்விடும், விலையும் போய்விடும். வெயில் படும் சுவர் கூடாது.

ஏலத்தில் கேட்க வேண்டியவை: முழுப் பின்பக்கம், கீழ் விளிம்பு நெருக்கமாக, நான்கு மூலைகள், நடு மடிப்பு முன்னும் பின்னும், வெளிச்சத்துக்கு எதிரே ஒரு படம், பக்கவாட்டு வெளிச்சத்தில் ஒரு படம். வந்தவற்றை அமெரிக்க காங்கிரஸ் நூலகம், பிரான்ஸ் தேசிய நூலகம், லைடன் பல்கலைக்கழகம் ஆகியவை இலவசமாகத் திறந்து வைத்திருக்கும் உயர்தரப் படங்களோடு பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். கடல் கோடுகளும் கப்பல்களின் பாய்மரக் கயிறுகளும் ஒப்பிட நல்ல இடம். வேறு தகடு என்றால் அங்கே முதலில் காட்டிக்கொடுத்துவிடும்.

நெட்டாங்கும் ஒரு சாட்சி. முதல் நெட்டாங்கு, அதாவது பூஜ்யப் பாகைக் கோடு, எங்கே என்பது ஊருக்கு ஊர் மாறியது. 1634-ல் பிரெஞ்சு அரசு கேனரியின் மேற்குக் கோடியான எல் ஹியர்ரோவை நிர்ணயித்தது. பிறகு அதைப் பாரிஸுக்கு 20 பாகை மேற்கு என்று முழு எண்ணாக்கினார்கள், கிரீன்விச்சிலிருந்து ஏறத்தாழ 17 பாகை 40 கலை (நிமிடம்) மேற்கு. டச்சு வீடுகளில் டெனெரிஃப் மலைச்சிகரமும் புழங்கியது. கேனரிப் படத்தில் பூஜ்யம் எங்கே விழுகிறது என்று பார்த்தாலே பிரெஞ்சுப் பள்ளியா டச்சுப் பள்ளியா என்று ஓரளவு தெரியும்.

எங்கிருந்து தொடங்கலாம் என்றால், பெலான். பிரெஞ்சுக் கடற்படை வரைபடக் கிடங்கில் வேலை பார்த்த ழாக் நிக்கோலா பெலான், 1740களில் பிரெஞ்சு எழுத்தாளர் பிரெவோவின் பயணத் தொகுப்புக்குத் தீவுப் படங்கள் வரைந்தார். 1764-ல் ஐந்து தொகுதிகளில் 580 சொச்சம் படங்களோடு தன் சிறிய கடல் அட்லஸை வெளியிட்டார். அசோர்ஸ், கேனரி, கேப் வெர்டே எல்லாம் உண்டு. தாள் சின்னது, செதுக்கு சுத்தமானது, விலை ஓர்ட்டீலியஸின் ஒரு சிறு பங்கு. எதிலிருந்து எடுத்தது என்பதை மேல் மூலையில் இருக்கும் தொகுதி எண்ணும் பட எண்ணும் சொல்லும். பயணத் தொகுப்பின் படங்கள் ஹேகிலும் லைப்சிக்கிலும் நகல் வெட்டப்பட்டன. ஹேக் பதிப்பில் பிரெஞ்சோடு டச்சுத் தலைப்பும் சேர்ந்து வரும், லைப்சிக் பதிப்பில் ஜெர்மன். ஒரே கேனரியின் இந்த மூன்று வடிவங்களையும் வாங்கி மேசையில் வரிசையாக வைத்துப் பார்த்தால், தகடு, நகல், பதிப்பாளர் வரி எல்லாம் கண்ணுக்குப் பழகிவிடும். மூன்றுக்கும் சேர்த்து ஆகும் செலவு ஒரு ஸ்பீடு பெர்முடாவுக்கு ஆவதைவிட வெகு குறைவு. அதுவரை அந்த ஏலத்தைக் கீழ் விளிம்பின் படம் வராமல் கேட்காதீர்கள். வந்து அதில் பாசெட், சிஸ்வெல் பெயர்கள் இருந்தால், 1676 தாளுக்குரிய விலையை மட்டும் சொல்லுங்கள்.